தோட்டத்துக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காங்கயம்–தாராபுரம் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, இட்டேரி எனும் வேலியோர மண்தடத்தின் முடிவில் எங்கள் தோட்டமும் சாளை வீடும் இருக்கின்றன. எட்டு ஏக்கர் தென்னை, நான்கு கறவை மாடுகள். வீட்டில் நானும் மனைவியும், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும், முழங்கால் வலியால் சிரமப்படும் 72 வயதுத் தாயாரும் இருக்கிறோம். இதுவரை ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியையும் ஒரு பழைய சிறு காரையும் வைத்துக் காலம் தள்ளிவிட்டோம். கார் இனி ஓடாது. 12 லட்சம் ரூபாய்க்குள் பண்ணயத்துக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே வண்டியாக வாங்க எண்ணுகிறோம். இரட்டைக் கேபின் பிக்கப் வாங்கச் சொல்கிறார் மைத்துனர். நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய பிக்கப்பை விரும்புகிறான் மகன். எதை வாங்கலாம்?
– காங்கயம் வாசகர்

பதில்: விற்பனை நிலையத்துக்குப் போகுமுன் ஒரு மாலையில் உங்கள் மனைவியுடன் உட்கார்ந்து, கடந்த ஓராண்டில் தோட்டத்துக்குள் வந்த சுமைகளையும் தோட்டத்திலிருந்து போன சுமைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு எடை, எத்தனை முறை, யார் வண்டியில் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தென்னை வைத்திருப்பவர்கள் இப்படி எழுதிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். தோட்டத்தின் மிகப் பெரிய சுமையாகிய தேங்காயை நாம் ஏற்றிச் செல்வதே இல்லை. 25 அடிக்கு ஒரு மரம் என்று நட்டிருந்தால் ஏக்கருக்கு 70 வீதம் உங்களிடம் 560 மரங்கள் இருக்கும். அத்தனை மரத்து வெட்டையும் ஒரே நடையில் எடுத்துச் செல்லும் பிக்கப் எதுவும் இல்லை. வியாபாரியே ஆட்களுடன் வந்து, வெட்டி, எண்ணி, தம் வண்டியில் ஏற்றிப் போகிறார். அந்தச் சுமையை மனத்தில் வைத்து நீங்கள் வண்டி வாங்கத் தேவையில்லை.

மிஞ்சுவது மாட்டுத் தீவனமும் உரமும்தான். தீவன மூட்டை 50 கிலோ, யூரியா மூட்டை 45 கிலோ. நான்கு மாடுகளுக்கு ஒரு முறை ஐந்து மூட்டைத் தீவனம் வாங்கினால் 250 கிலோ. அவ்வப்போது பழுதுபார்க்கப் போகும் மோட்டாரும், சொட்டுநீர்க் குழாய்ச் சுருளும், பால் கேனும் வரும். பி.வி.சி. குழாய் 20 அடி நீளம் என்பதால் அது எந்தப் பிக்கப்பின் தொட்டிக்குள்ளும் அடங்காது. எந்த வண்டியானாலும் அதைக் கூரைச் சட்டத்தின் மேல்தான் கட்ட வேண்டும்.

இந்தச் சுமைகளுக்கு மகிந்திரா பொலிரோ போன்ற வண்டி போதும் என்பது என் கருத்து. பின்னிருக்கைகளை மடக்கி, தடித்த தார்ப்பாயை விரித்து, ஓட்டுநரோடு இன்னொருவர் மட்டும் வந்தால் ஐந்து மூட்டைகளைக் கொண்டுவரலாம். எந்த வண்டியானாலும் அதன் பதிவுச் சான்றில் காலி எடையும் மொத்த எடையும் அச்சிடப்பட்டிருக்கும். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவது, ஆட்களையும் சேர்த்து அந்த வண்டி தாங்கும் சுமை. ஆட்களின் எடையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மூட்டைக்குரியது. வாங்கும் முன் இந்தக் கழித்தலை எல்லோரும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் வண்டியின் தோற்றத்தைப் பார்த்து எடை தாங்கும் என்று நம்பி, பின் அச்சையும் பிரேக்கையும் கெடுத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகன் விரும்பும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியமானது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை நல்ல வண்டிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கென வெள்ளைப் பலகையில் பதிவாகும் அவற்றின் அனுமதிக்கப்பட்ட சுமை, ஏறத்தாழ ஒரு டன் ஏற்றும் மஞ்சள் பலகைப் பிக்கப்பின் சுமையில் பாதிகூட இராது. நீளமோ 5 மீட்டருக்கும் மேல். இருபுறமும் கிளுவை வேலி நெருங்கி நிற்கும் இட்டேரியில், எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் அவ்வளவு நீள வண்டியைப் பின்னோக்கி எடுப்பது எவ்வளவு பாடு என்பதை உங்கள் மகனே ஓட்டிப் பார்த்து அறிந்துகொள்ளட்டும். உங்கள் 12 லட்சத்துக்குள் அவை புதிதாகக் கிடைப்பதும் இல்லை. நான்கு சக்கர இயக்கமும் உங்களுக்குத் தேவையாகத் தெரியவில்லை. காங்கயம் வட்டாரத்தில் பெரும்பகுதி செம்மண்ணும் சரளையும். மழை விட்ட சில மணி நேரத்தில் தடம் இறுகிவிடும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் காட்டில் நாள்தோறும் இறங்கி ஏற வேண்டியவர் இதைக் கேட்டிருந்தால் நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

இனி உங்கள் மைத்துனர் சொன்ன இரட்டைக் கேபின் பிக்கப். பொலிரோ கேம்பர், டாடா யோதா ஆகியவற்றில் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் தொட்டியும் உண்டு. கேட்கும்போது இரண்டு வேலைக்கும் சரியாகப் பொருந்துவதாகவே தோன்றும். ஆனால் பின் அச்சில் எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்லை ஒரு டன் சுமைக்கென்றே முறுக்காக அமைத்திருப்பார்கள். சுமை இருக்கும்போது வண்டி நிதானமாகப் போகும். காலியாகப் போகும்போது ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் தெரியும். பொலிரோவிலும் பின்னால் பட்டை வில்தான் என்றாலும், அது ஆட்களை ஏற்றுவதற்கென அமைத்தது என்பதால் அவ்வளவு தூக்கிப் போடாது. குடும்பம் வண்டியில் போகிற நாட்களில் தொட்டி காலியாகத்தான் இருக்கும் என்பதை யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட வண்டியொன்றை வாங்கினோம். முதுகுவலியுள்ள என் தாயார் அதில் மூன்று முறை ஏறினார். அதன்பின் கோயிலுக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் வர மறுத்துவிட்டார். வர விருப்பமில்லை என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வண்டிதான் காரணம் என்று அவர் சொல்ல இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளை எண்ணினால் இன்றும் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. ஆகவே பேசி முடிக்கும் முன் உங்கள் தாயாரை அழைத்துச் சென்று, வண்டியில் ஏறவும் இறங்கவும் செய்து, உங்கள் இட்டேரி போன்ற ஒரு தடத்தில் அவரை வைத்து ஓட்டிப் பாருங்கள். பொலிரோவும் உயரமான வண்டிதான்; பக்கவாட்டுப் படியும் உள்ளே பிடித்து ஏறக் கைப்பிடியும் பொருத்தாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். கடைசியிலுள்ள பக்கவாட்டு இருக்கைகளைப் பெரியவர்களுக்கு ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

ஏறி இறங்குவதே தாயாருக்குப் பெரும் தொல்லையாக இருந்தால் மாருதி ஈக்கோவையும் பார்க்கலாம். தளம் தாழ்வு, பக்கக் கதவு நகர்ந்து அகலமாகத் திறக்கும், விலையும் குறைவு. ஆனால் தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி பொலிரோவைவிடக் குறைவு. ஒரு கிலோமீட்டர் இட்டேரியில் நடுவே மேடு தட்டியிருந்தால் மூட்டையுடன் வரும்போது அடி உரசும். அந்தத் தடத்தை ஒரு முறை மண் கொட்டிச் சீர் செய்ய அக்கம்பக்கத்துத் தோட்டத்தார் சம்மதித்தால் ஈக்கோ உங்களுக்குப் போதுமானதே.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1,500 சி.சி.க்கு மிகாத டீசல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அந்த அளவைத் தாண்டினால் 40 விழுக்காடு. பொலிரோ 3,995 மில்லிமீட்டர் நீளத்துடன் முதல் வகையில் அடங்குகிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூடிய வண்டிக்குள் பூச்சிமருந்தை ஏற்றாதீர்கள். பிள்ளைகள் உட்காரும் இருக்கைக்குப் பின்னால் ஒரு புட்டி கசிந்தால் துணியிலும் பஞ்சிலும் ஊறிப்போய், கழுவினாலும் முழுமையாகப் போகாது. தீவன மூட்டையோடு அதைச் சேர்த்து வைப்பதும் அதே அளவு ஆபத்து. கூரைச் சட்டத்தில் மூடியும் பூட்டும் உள்ள ஒரு பெட்டியைப் பொருத்தி, மருந்துக்கென்றே அதை ஒதுக்கிவிடுங்கள்.

மாட்டை ஏற்றுவது, எரு அடிப்பது, சோளத்தட்டு வாங்கி வருவது போன்ற வேலைகளுக்கு வாடகைக் குட்டியானையையோ பிக்கப்பையோ டிராக்டரையோ அழையுங்கள். வண்டியில் ஏற்றும் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. இரட்டைக் கேபின் வண்டியின் ஏறக்குறைய 5 அடித் தொட்டியில் மாடு நேராக நிற்கக்கூட முடியாது என்பதால் அதை வாங்கினாலும் இந்த வாடகை மிச்சமாகாது. ஓராண்டில் எத்தனை முறை அழைப்பீர்கள் என்பதை முன்சொன்ன தாளிலேயே எண்ணி, உங்கள் ஊர் வாடகையால் பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே நான்கு ஏக்கரில் காய்கறியும் வாழையும் பயிரிடுகிறோம். கணவர் வெளியூரில் வேலை பார்ப்பதால் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். வாரத்தில் நான்கு நாட்கள் 400 முதல் 600 கிலோ வரை சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். வழியிலேயே பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். என்னிடம் கார் ஓட்டும் உரிமம் மட்டுமே உள்ளது. மஞ்சள் பலகை வண்டியை நான் ஓட்டலாமா? பிள்ளைகளை அதில் ஏற்றலாமா?
– கோபி வாசகி

பதில்: அம்மா, உங்களுக்கு நான் சொல்லும் பதில் மேலே காங்கயம் வாசகருக்குச் சொன்னதற்கு நேர் எதிரானது. வாரத்தில் நான்கு நாட்கள் அரை டன் சுமை என்றால் குடும்ப வண்டி எதுவும் நீண்ட நாள் தாங்காது. ஈரமான காய்கறியும் வாழைச்சாறும் உள்தளத் தகட்டை அரித்துவிடும்; இருக்கைத் துணியில் கறையும் வாடையும் ஏறிவிடும். இரட்டைக் கேபின் பிக்கப்பே உங்களுக்குரியது. போகும்போது சுமை இருப்பதால் பிள்ளைகள் வரும் வழியில் வண்டி தூக்கிப் போடாது என்பதும் உங்களுக்கு அமைந்த வசதி. தொட்டி தனி, ஆட்கள் உட்காரும் இடம் தனி என்பதால் மருந்துப் புட்டி பற்றிய அச்சமும் குறையும்.

உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம், அதற்கென உரிமத்தில் தனி மேலெழுத்து (கூடுதல் அனுமதிக் குறிப்பு) தேவையில்லை என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதி செய்திருக்கிறது. நீங்கள் வாங்கக்கூடிய பிக்கப் எதுவும் அந்த எடையை நெருங்காது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டும் தேவையில்லை. இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் உள்ள விலக்கு. ஆகவே பதிவுச் சான்றில் 3,000-க்குள் அடங்கும் வண்டியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகுதிச் சான்று என்னும் எஃப்.சி. மட்டும் தவிர்க்க முடியாதது. வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். வெள்ளைப் பலகை வண்டிக்கு இந்தத் தொல்லை 15 ஆண்டுகள் இல்லை. எஃப்.சி. காலாவதியான நாளில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பும் என்பதால், அந்தத் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் பெரிதாக எழுதி வைப்பது நல்லது. மஞ்சள் பலகைச் சரக்கு வண்டியில் மணிக்கு 80 கிலோமீட்டர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கும். பிள்ளைகளோடு போகிற உங்களுக்கு அது ஒரு குறையே அல்ல என்பது என் எண்ணம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதற்கு விரிவாகச் சொல்ல வேண்டும். கேபினுக்குள், இருக்கையில், பெல்ட் அணிந்து, பதிவுச் சான்றில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மிகாமல் உட்காரலாம். ஆனால் சரக்கு வண்டிக்கான காப்பீட்டுப் பத்திரம் கார் பத்திரத்திலிருந்து வேறுபட்டது. ஓட்டுநர், பொருளின் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதி ஆகியோருக்கே அதில் இயல்பாகப் பாதுகாப்பு உண்டு. ஆகையால் பத்திரம் எடுக்கும்போதே, கேபினில் உள்ள அத்தனை இருக்கைகளிலும் குடும்பத்தினர் பயணம் செய்வார்கள் என்று எழுத்தில் தெரிவித்து, அதற்கான கூடுதல் பிரீமியத்தைச் செலுத்தி, பத்திரத்தில் அது அச்சாகி வந்ததைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். முகவர் வாய்ச்சொல்லாக "எல்லாம் சேர்ந்ததுதான்" என்றால் ஏற்க வேண்டாம். சேர்க்க இயலாது என்று சொன்னால் பிள்ளைகளுக்குத் தனியே விபத்துக் காப்பீடு எடுத்து வைப்பது உங்கள் கடமை.

சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி போவதாக இருந்தால் ஒரு செய்தி: 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு 200 முறை என்று தொடங்கப்பட்ட ஃபாஸ்டேக் ஆண்டுச் சலுகை, வணிகப் பயன்பாடற்ற கார், ஜீப், வேன் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. மஞ்சள் பலகை வண்டியுடன் விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது அது உதவாது.

கேள்வி: பொள்ளாச்சி அருகே தோப்பு வீட்டில் வசிக்கிறோம். காலையும் மாலையும் 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பால் சங்கத்துக்குப் போய்வருவதுதான் வண்டியின் முதன்மை வேலை. மாதம் ஒரு முறை குடும்பத்தோடு கோவை செல்வோம். டீசல் வாங்கலாமா, பெட்ரோல் வாங்கலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: பெட்ரோல். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளை நிறைவேற்ற, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். பிடித்த கரி உள்ளேயே எரிந்து தீர வேண்டுமானால் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். 2 கிலோமீட்டர் போய் நிறுத்தி, திரும்ப 2 கிலோமீட்டர் வரும் வண்டியில் எஞ்சினே முழுதாகச் சூடேறாது. கரி சேர்ந்து அடைத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி இழுவை குறைந்து, கடைசியில் பட்டறையில் போய் நிற்கும். டீசல்தான் பண்ணயத்துக்கு என்பது எங்கள் தலைமுறையின் பழக்கமான எண்ணம். பழைய வண்டிகளுக்கு அது சரியாகவும் இருந்தது. வாரம் ஒரு முறையாவது கோவை சாலையில் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இன்றும் டீசல் ஒத்துவரும். மாதம் ஒரு முறை என்பது போதாது. பால் கேனை எக்ஸ்.எல். வண்டியிலேயே கொண்டுபோய், காரைக் குடும்பத்துக்கும் தீவனத்துக்கும் மட்டும் எடுக்கலாம் என்றால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்களிடம் பிக்கப் வண்டி இருக்கிறது. குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்க ஆண்டுக்கு ஒரு முறை உறவினர் பதினைந்து பேர் தொட்டியில் உட்கார்ந்து போவோம். அப்பாரு காலத்திலிருந்தே இப்படித்தான் என்கிறார்கள். என் மனைவி இந்த ஆண்டு கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
– அந்தியூர் வாசகர்

பதில்: உங்கள் மனைவி சொல்வதே சரி. அப்பாரு காலத்தில் போனது மாட்டுவண்டி; கவிழ்ந்தாலும் நடை வேகத்தில் கவிழ்ந்தது. பிக்கப்பின் பக்கத் தடுப்பு நிற்பவரின் இடுப்பு உயரத்துக்குக்கூட வராது. ஆட்கள் நின்றாலும் பலகை போட்டு உட்கார்ந்தாலும் எடை மேலே ஏறிவிடுவதால், வளைவில் வண்டி சாயும் தன்மை மூட்டை ஏற்றும்போது உள்ளதைவிட அதிகம். மூட்டை ஒரே இடத்தில் கிடக்கும். மனிதர்கள் வளைவில் எல்லோருமாக ஒரு பக்கம் சாய்வார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இருப்பதில்லை. இதை எழுதும்போது, இப்படி நடந்த விபத்துகளுக்குப் பின் நான் துக்கம் விசாரிக்கப் போன வீடுகள் கண்முன் வருகின்றன.

சரக்கு வண்டியில் இலவசமாக ஏறி வரும் பயணிகளுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பதினைந்து பேரில் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் நிலத்திலிருந்து போகக்கூடும். பொங்கல் பானையும் விறகும் கிடாயும் பிக்கப்பில் போகட்டும். ஆட்களுக்கு ஒரு சுற்றுலா வேன் பேசி, வாடகையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொள்ளுங்கள். விசேஷ நாட்களில் வேன் கிடைப்பது அரிது என்பதால் நோன்பு சாட்டும் அன்றே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.